முப்பது காலிபருக்குக் குறையாமல்

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சாகிப். வழக்கு கிடக்கட்டும், மலைக்கிடா வேட்டைக்கு எந்தக் காலிபர் நல்லது, முதலில் அதைச் சொல் என்றீர்கள். ஸ்டேஷன் முற்றத்தில் நாற்காலி போட்டு, முதுகில் நடுப்பகல் வெயில் படும்படி உட்காரவைத்து, உப்புத் தேநீரும் கொடுத்து ஒருவர் இப்படிக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அதையே சொல்கிறேன். உங்களுடைய இன்னொரு கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும். கான்ஸ்டபிள் தனியாக எழுத வேண்டியதில்லை.

சர்காஷ் கிராமத்தில் இருபத்துமூன்று குளிர்காலம் நான் தலைமை வழிகாட்டி. கராச்சியிலிருந்து வந்தவர்கள், லாகூரிலிருந்து வந்தவர்கள், ஜெர்மனி, ஸ்பெயின், எல்லோரையும் மலைமேல் கூட்டிப் போயிருக்கிறேன். வந்து இறங்கிய முதல் நாள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். கேட்பதுபோல ஆரம்பிப்பார்கள், பிறகு அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். டூ செவன்டி என்பார் ஒருவர். அது பெண்பிள்ளைகள் சுடுவது, த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் இல்லாமல் மலையேறக் கூடாது என்பார் இன்னொருவர். தோட்டா எத்தனை அடி தூரத்தில் எத்தனை அங்குலம் இறங்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார்கள். மறுநாள் காலை முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் பாறைமேல் குந்திவிடுவார்கள். துப்பாக்கியை நான் தூக்கிக்கொண்டு போவேன்.

ஆட்டுக்கு எண் தெரியாது சாகிப். எந்த எண் தன்மேல் பட்டது என்று விசாரித்துவிட்டு அது விழுவதில்லை. நான் எல்லோருக்கும் சொல்லி வந்தது ஒன்றுதான். உங்கள் தோள் பயப்படாத துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள். பெரிய காலிபர் உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிச் சுடுகிறவனுக்கு எந்தக் காலிபர் இருந்து என்ன.

மலையில் சுடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. அதுதான் என் வேலை. கிடாவின் கொம்பில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். எட்டு வளையத்துக்குக் குறைந்ததைச் சுடக் கூடாது, பெட்டையைச் சுடவே கூடாது. மீறினால் கிராமத்துக்குக் கிடைக்கும் வேட்டை அனுமதியில் ஒன்று மறுவருஷம் போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணப்பும் வாய்க்கால் தண்ணீரும் அந்த அனுமதிப் பணத்தில்தான் ஓடுகின்றன. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நானூறு அடி வைக்கும் தூரத்தில் நிற்கிற ஆட்டின் கொம்பில் வளையத்தை எண்ணிச் சொல்கிறவன் சர்காஷில் ஒருவன்தான். தௌலத் பேக். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். கல்யாணத்தில் எனக்குத்தான் முதல் ரொட்டி வைப்பார்கள். ஊர் வேட்டைக் கமிட்டியில் நான் பேச எழுந்தால் ஊர்த்தலைவர், நம்பர்தார் ரஜப் அலியே வாயை மூடிக்கொள்வார். அவர் வாயை மூடுவது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஆட்டைக் காட்டிவிட்டு, "தெரியுதா சாகிப்?" என்று வேட்டைக்காரரிடம் கேட்பேன். இருபத்துமூன்று வருஷத்தில் ஒருவர்கூடத் தெரியவில்லை என்று சொன்னதில்லை. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. இத்தனை செலவு செய்து, இத்தனை பெரிய காலிபரைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "தெரியுது, தெரியுது" என்பார்கள். இதோ எதிர்ச்சரிவில் ஆறு பெட்டையும் ஒரு கிடாவும் மேய்கின்றன, பாருங்கள். உங்கள் கான்ஸ்டபிள் தலையாட்டுகிறார் அல்லவா? ஆட்டுவார். நீங்கள்?

சரி. காலிபருக்கு வருகிறேன்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் மூட்டம் அதிகமாகிவிட்டது. மலை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதுபோல இருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி ஷம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நாற்பது வயது, நல்ல கால், வாய்தான் கொஞ்சம் நீளம். அவனுக்கு வேலை பழகட்டும் என்று முதலில் அவனைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். என் காதோரம் வந்து, "அத்தான், இடப்பக்கத்திலேர்ந்து மூணாவது. ஒன்பது வளையம்" என்பான். நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருப்பேன். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் மதிப்பு இருக்காது, ரொம்ப நேரம் வைத்திருந்தால் சந்தேகம் வரும். பிறகு உரக்கச் சொல்வேன், "இடமிருந்து மூன்றாவது. ஒன்பது வளையம்." ஜெர்மன்காரர் ஒருவர் என் கண்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

போன குளிர்காலத்தில் ஷம்பி காய்ச்சலில் படுத்துவிட்டான். ஸ்பெயின்காரர் ஒருவர் வந்திருந்தார். டூ ஃபார்ட்டி த்ரீ வைத்திருந்தார். மெல்லிய தோட்டா, உதையே கிடையாது, நல்ல கை. நான் காட்டினேன், அவர் சுட்டார், விழுந்தது. போய்ப் பார்த்தால் பெட்டை. சினை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து தோட்டா நுழைந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். "தோட்டா ரொம்ப மெல்லிசு. காத்து தள்ளிட்டுப் போயிருச்சு. நான் காட்டின கிடா பக்கத்துல நின்னுது" என்றேன். எல்லோரும் ஸ்பெயின்காரர்மேல் பாய்ந்தார்கள். அவர் அழுதுவிட்டார். போகும்போது தன் தொலைநோக்கியை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். கிராமத்துக்கு ஓர் அனுமதி போயிற்று. கமிட்டி மூன்று நாள் கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டது. சர்காஷ் எல்லைக்குள் இனி முப்பது காலிபருக்குக் குறைந்த துப்பாக்கி, அதாவது த்ரீ ஹண்ட்ரடுக்குக் கீழே எதுவும், வரக் கூடாது. ரஜப் அலி அதைப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதிப் பாலத்தருகே நட்டுவைத்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் அதைப் பார்த்து அப்படியே எழுதிவைத்தார்கள். நீங்கள் கேட்டீர்களே, இங்கே எல்லோரும் ஏன் முப்பது முப்பது என்கிறார்கள் என்று. இதனால்தான்.

காய்ச்சல் விட்டு எழுந்த ஷம்பி மட்டும் வேறு மாதிரி பேசினான். விறகு சுமந்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்குக் காத்தே அடிக்கலையாமே, அத்தான்."

"நீ இருந்தியா அங்க?"

"இருந்திருந்தா பெட்டை பொழைச்சிருக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான். "இப்படியே போனா ஒருநாள் ஆடுன்னு ஆளைக் காட்டப் போறீங்க. அதுக்கும் காத்து மேல பழி போடுவீங்களா?"

அந்த யோசனை அவனுடையது சாகிப். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் என் மனதில் அப்படி ஒன்று இல்லை.

அறுவடை முடிந்த சமயம் பள்ளிக்கூட வாத்தியார் என்னை வழியில் நிறுத்தினார். "ஷம்பி உங்களைப் பத்தி கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னான். நல்லா எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்க எழுத்து நல்லாத்தான் இருக்கும் வாத்தியாரே" என்றேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைப் பற்றி கமிட்டிக்கு எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வருஷம் முதல் ரொட்டி தின்றவன் அடுத்த கல்யாணத்தில் எந்த வரிசையில் உட்கார்வது என்று யோசித்தேன். கழுதை மேய்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். அங்கே ரொட்டி ஆறித்தான் வரும்.

இரண்டு வாரம் கழித்து ஃபைசலாபாத்திலிருந்து மியான் தௌசீஃப் சாகிப் போன் செய்தார். துணி ஆலை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். வேட்டைக்கு என்று தனியாகப் பச்சை நிறத்தில் ஒரு ஜீப், அதே பச்சையில் தொப்பி, அதே பச்சையில் வெந்நீர்க் குடுவை.

"தௌலத் பேக், எங்கிட்ட ஏழு துப்பாக்கி இருக்கு. எதைக் கொண்டு வரட்டும்? உங்க ஊர்ச் சட்டத்துக்குத் த்ரீ நாட் எய்ட் போதும்னு என் மருமகன் சொல்றான்."

இதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. அவருக்கு என்ன சொன்னேனோ அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

"சட்டத்துக்கு அது போதும் சாகிப். வேலைக்கு த்ரீ ஹண்ட்ரட் மேக்னம் கொண்டு வாங்க. கனமான தோட்டாவா பார்த்து எடுத்துட்டு வாங்க."

"நான் நினைச்சதும் அதேதான்" என்றார். அவர் எதையும் நினைத்திருக்கவில்லை.

ஏன் மேக்னம் என்று சொல்கிறேன். நான் மனதில் வைத்திருந்த இடம் மேல்மேய்ச்சலில் ஒரு பள்ளத்துக்குக் குறுக்கே இருக்கிற பாறைத் திண்டு. நானூற்று இருபது அடி வைக்கும் தூரம். வேட்டைக்காரர் ஒருவர் கருவியில் அளந்து சொன்னது. பள்ளத்தில் காற்று கீழிருந்து ஏறும். லேசான தோட்டா அங்கே போய்ச் சேரும்போது பாதி பலம் போயிருக்கும். படும், ஆனால் முடிக்காது. அந்தத் திண்டுக்குச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை ஒருவன் குளிரில் பாறைமேல் கிடந்து காத்திருக்கக் கூடாது. ஷம்பி என் மனைவிக்கு ஒரே தம்பி. அவன் கஷ்டப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை. மியான் சாகிப்புக்கும் கை நல்ல கை. அட்டையில் சுட்டுச் சுட்டுப் பழகியவர். காட்டினால் காட்டிய இடத்தில் அடிப்பார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபிறகு மூவரும் மேல்மேய்ச்சலுக்குப் போனோம். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. மந்தையைப் பார்க்கப் போகிறவன் ஆட்டுத்தோல் அங்கியை ரோமம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, பாறைக்குப் பின்னால் ஆடு படுத்திருப்பதுபோல் முதுகைக் காட்டி உட்கார்வான். ஆடுகள் அவனைத் தங்களில் ஒன்று என்று எண்ணிக் கலையாமல் மேயும். இது ஆபத்து என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து ஆரஞ்சு நிற மேலுடுப்பு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆட்டுக்கு அந்த நிறம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும் என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். இப்போது அவை கழுதைகளின் முதுகில் இருக்கின்றன. ஷம்பி ஒருவன்தான் சொன்னதைக் கேட்டு அங்கிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு வருவான்.

மந்தையைப் பார்க்க அவன் திண்டுக்குப் பிரிகிற இடத்தில் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அதைக் கழட்டு மாப்ளே. மியான் சாகிப் போட்டோ எடுக்கிற ஆளு. பின்னாடி ஆரஞ்சுப் புள்ளி தெரிஞ்சா கோவிச்சுப்பாரு."

"ஆட்டுக்குப் பக்கத்துல நானா நின்னு போஸ் குடுக்கப் போறேன்?"

"கழட்டுன்னா கழட்டேன்."

கழற்றினான். நான்காக மடித்து என் கையில் கொடுத்தான். "பத்திரமா வைங்க, வந்து போட்டுக்கறேன். ஊர்லயே இதைத் தொலைக்காத ஆளு நான் ஒருத்தன்தான்." இரண்டடி போய்த் திரும்பினான். "அத்தான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இறங்கி வந்ததும் சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன கோவம். போயிட்டு வா" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மியான் சாகிப்பைப் பள்ளத்தின் இந்த விளிம்பில் படுக்கவைத்தேன். துப்பாக்கிக்குக் கீழே என் பையை அணைகொடுத்தேன். அந்த ஆரஞ்சு உடுப்பு அந்தப் பைக்குள்தான் இருந்தது.

"எதிர்த் திண்டுல பெரிய பாறை, சாகிப். பின்னாடி படுத்திருக்கு. முதுகு மட்டும் தெரியும். கொம்பு செடிக்குப் பின்னால மறைஞ்சிருக்கு. தெரியுதா?"

அவர் துப்பாக்கியின் கண்ணாடியில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "முதுகு தெரியுது" என்றார். பிறகு மெதுவாக, "எத்தனை வளையம் இருக்கும்?" என்றார்.

"பதினொண்ணு."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா" என்றார். "பதினொண்ணு இருக்கும்."

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அவரிடமே கேளுங்கள். இப்போது மறுப்பார்.

எழுந்தால் போய்விடும், பாறை விளிம்புக்கு ஒரு சாண் மேலே வையுங்கள் என்றேன். வைத்தார். மேக்னத்தின் சத்தம் பள்ளத்தில் நான்கு முறை திரும்பி வந்தது. மியான் சாகிப் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "கொம்பு எத்தனை அங்குலம் வரும்?"

இரண்டரை மணி நேரம் சுற்றிப் போனோம். அங்கே காத்திருந்தவன் யாரும் இல்லை. உடனேயே முடிந்திருந்தது. காலிபர் விஷயத்தில் நான் சொன்னது சரிதான். மியான் சாகிப் பனியில் உட்கார்ந்துவிட்டார். பச்சைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீதானே காட்டினே, நீதானே காட்டினே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடியில் பார்த்தார், வளையம்கூட எண்ணினார், அவர்மேல்தான் எல்லோரும் பாய்வார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஸ்பெயின்காரர்மேல் பாய்ந்ததுபோல. அங்கேதான் தவறு நடந்தது.

ஷம்பி முன்பே பேசியிருக்கிறான். யாரிடம் எவ்வளவு பேசினான் என்று தெரியவில்லை. மறுநாளே ஊர் முழுக்க ஒரே பேச்சு. பாவம் தௌலத் பேக், கண் போயிருச்சு, ஆள் எது ஆடு எதுன்னு தெரியல, மச்சானையே பறிகொடுத்துட்டான் பாவம். என் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கழுதை மேய்க்கிறவர்கள் வந்து அழுதார்கள். ரஜப் அலி என் கையைப் பிடித்து வாசற்படியில் ஏற்றிவிட்டார், என் வீட்டு வாசற்படியில். என் மாமியார், ஷம்பியைப் பெற்றவள், மன்னித்துவிட்டேன் என்று கைநாட்டு வைத்துவிட்டாள். அவன் மனைவியும் வைத்தாள், வாரிசுகள் மன்னித்தால் தண்டனை இல்லையே. என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் எனக்கு ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்தாள், குழந்தைக்குக் கொடுப்பதுபோல. கில்கிட்டிலிருந்து வந்த டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் புரை முற்றிவிட்டது என்று எழுதினார். மியான் சாகிப்பின் வக்கீலுக்கும் அது பிடித்துப்போயிற்று. நீங்கள்கூட நேற்று சொன்னீர்கள், ஒரு வரி போதும், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்று.

அந்த ஒரு வரிக்காகத்தான் நான் வந்திருக்கிறேன் சாகிப். அதை எழுதாதீர்கள். இருபத்துமூன்று வருஷத்தில் நான் ஆட்டையும் ஆளையும் குழப்பிக்கொண்டதில்லை. நான் ஷம்பியைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கமாகத் திரும்பினான். முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. தெரிந்துதான் காட்டினேன். நான் கொன்றேன் என்று எழுதுங்கள். பார்த்துக் கொன்றேன் என்று எழுதுங்கள்.

தோட்டா முதுகில் நுழைந்ததாகப் பிணத்தைப் பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் பிறகு திரும்பியிருப்பான். எதிர்ச்சரிவில் நான் காட்டிய ஏழும் ஒரு மணி நேரமாக அசையவில்லை என்கிறீர்கள். படுத்திருக்கும். வெயிலுக்கு ஆடு படுக்கும்.

அந்தக் காகிதம் என்ன? ஷம்பியின் விண்ணப்பமா. நீங்களே வாசியுங்கள், எனக்கு வாத்தியாரின் எழுத்து பழக்கமில்லை.

"எங்கள் தலைமை வழிகாட்டி தௌலத் பேக்கின் இரு கண்களிலும் புரை விழுந்துள்ளது. கில்கிட்டில் அறுவை செய்தால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று விசாரித்து வந்துள்ளேன். வேட்டை நிதியிலிருந்து உதவ வேண்டும். பருவம் முடிந்ததும் நானே கூட்டிப்போய் வருகிறேன். அதுவரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். அவர் இடத்தில் வேறு யாரையும் போடக் கூடாது. இது வெளியே தெரிந்தால் அவர் தாங்கமாட்டார், ஆகவே யாருக்கும் சொல்ல வேண்டாம்."

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். கீழே கமிட்டியின் சம்மதமும் இருக்கிறதா. எத்தனை கையெழுத்து? மூன்று.

இது முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கிறீர்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான் சாகிப். எழுதினவர் நான்காவது. அப்போதும் மேக்னம்தான் கொண்டுவரச் சொல்லியிருப்பேன்.

முடிந்தது. எங்கே கையெழுத்து? கோடு போட்டிருக்கிறது என்கிறீர்கள். தெரிகிறது, தெரிகிறது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துவிடுங்கள், போதும். பொழுது சாய்ந்துவிட்டது போலிருக்கிறது. முதுகு மட்டும் ஏன் இன்னும் சுடுகிறது என்றுதான் தெரியவில்லை.